ஹெலிகேம் பையனும் சுண்ணாம்புக் குறிகளும்

ஆடி மாதத்தில் பல்லடம் பக்கம் ட்ரோன் பறக்கவிடலாம் என்று யோசித்தவன் நான்தான், அதனால் இந்தக் கதையில் முதல் குற்றவாளியும் நான்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவன், கால் கிலோ கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் பூச்சியை அந்தக் காற்றில் ஏவிவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

பல்லடத்துக்குத் தெற்கே, காற்றாலைகள் வரிசையாக நிற்கும் பக்கம், அப்பாவின் தறிக் குடோன் இருக்கிறது. இரண்டு ஏக்கர் நாற்பது சென்டில் இரண்டு ஷெட். ஒன்றுக்குத் தகரக் கூரை, இன்னொன்றுக்கு சிமெண்ட் சீட். அப்பா போன பிறகு தறிகளைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிட்டோம். காலி ஷெட்டுக்கு வாட்ச்மேன் சம்பளமும் கரண்ட் பில்லும் கட்டிக்கொண்டு நான்கு வருஷம் ஓடிவிட்டது. அப்போதுதான் எங்கள் ஊர்ப் புரோக்கர் ஒருவர், பெங்களூரில் இருந்து ஒரு கம்பெனி சரக்கு வைக்கக் குடோன் தேடுகிறது, நேரில் வருவதற்கு முன்னால் மேலிருந்து எடுத்த வீடியோ வேண்டுமாம் என்றார்.

எங்கள் ஊரில் ட்ரோன் என்று யாரும் சொல்வதில்லை. ஹெலிகேம்தான். கல்யாணத்தில் இருந்து கும்பாபிஷேகம் வரை ஹெலிகேம் வராத விசேஷம் இப்போது இல்லை. மாப்பிள்ளை, அதாவது என் தங்கை வீட்டுக்காரர், உடனே சொன்னார்: "இதுக்கு எதுக்கு மச்சான் யோசனை, நம்ம சிவக்கொழுந்து பேத்தி சீருக்கு வந்தான்ல, அந்தப் பையனைக் கூப்பிட்டா மூவாயிரத்து ஐநூறு கொடுத்தாப் போதும், பறக்கவிட்டுட்டுப் போயிருவான்."

பறக்கத்தான் விட்டான். சாயங்காலம் நாலரை மணி, "ஈவினிங் லைட் செமையா இருக்கும்ணா" என்றான். தரையில் காற்று அவ்வளவாகத் தெரியவில்லை, வேப்பமரம் ஆடிக்கொண்டிருந்தது, அது எப்போதும் ஆடுவதுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேற்குக் காற்று எங்கள் பக்கம் ஆனியிலிருந்து ஆவணி வரை அடங்காது. அத்தனை காற்றாலையை இங்கே கொண்டுவந்து நட்டதே அதற்காகத்தான். தரையில் வேலியும் கட்டிடமும் தடுப்பதால் நமக்குப் பாதிக் காற்றுதான் தெரியும், ஐம்பது அறுபது மீட்டர் மேலே போனால் முழுக் காற்று. பையன் கேட்டுக்கு வெளியே ரோட்டைக் காட்டுகிறேன் என்று கிழக்கே விட்டான். காற்றோடு போனதால் ஜோராகப் போனது. திரும்பி வரச் சொன்னபோது எதிர்க்காற்று. திரையில் சிவப்பு எழுத்தில் ஏதோ எச்சரிக்கை வந்தது, பையன் முகம் வெளுத்தது. அந்தச் சின்ன வகை ட்ரோனுக்குக் காற்று தாங்கும் வரம்பு மணிக்கு 38 கிலோமீட்டர் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். முன்னாலும் வராமல் பின்னாலும் போகாமல் வானத்தில் ஒரே இடத்தில் நின்று பேட்டரியைக் குடித்துவிட்டு, அது பக்கத்துத் தோட்டத்து மக்காச்சோளத்துக்குள் இறங்கிவிட்டது.

ஆள் உயரத்துக்கு நின்ற சோளக்காட்டுக்குள் ஒன்றரை மணி நேரம் தேடினோம். தோட்டத்துக்காரர் எனக்குப் பெரியப்பா முறை. அவருக்குச் சோளத்தட்டு முறிந்ததுகூடப் பெரிதில்லை. "வூட்டுப் பொம்பளைங்க தண்ணி வாத்துக்கற இடத்துக்கு மேல பொட்டியப் பறக்கவுடறீங்களே, ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணலியா உனக்கு?" என்றார். பதில் இல்லை. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, எனக்குத் தோன்றவே இல்லை.

ட்ரோன் கிடைத்தது, ஒரு இறக்கை போயிருந்தது, உள்ளே கார்டு பிழைத்தது. இரண்டு நாளில் வீடியோ அனுப்பினான். மூன்று நிமிடம். பொன்மஞ்சள் நிறத்தில் குடோன், அதைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம், மறுபடி ஒரு வட்டம், மேற்கே சாய்கிற சூரியனுக்குக் குறுக்கே காற்றாலை, பின்னால் வயலின். என் தங்கை பார்த்துவிட்டு அழகாக இருக்கிறது என்றாள். உண்மையில் அழகாகத்தான் இருந்தது. பெண் மாப்பிள்ளை மட்டும்தான் இல்லை.

பெங்களூருக்கு அனுப்பினோம். நாலு கேள்வி திரும்பி வந்தது. மெயின் ரோட்டிலிருந்து கேட் வரை பாதை எவ்வளவு அகலம்? நாற்பது அடி கண்டெய்னர் உள்ளே வந்து திரும்ப இடம் இருக்கிறதா? இடத்துக்கு மேலே உயர்மின் கம்பி போகிறதா? மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும்? மூன்று நிமிட வீடியோவை நானே மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன், ஒரு கேள்விக்கும் அதில் பதில் இல்லை. பாதை ஓர் ஓரத்தில் இரண்டு விநாடி வந்துபோனது, அதுவும் நிழலில்.

பையனைக் குறை சொல்ல மாட்டேன். கல்யாண வேலையில் அவன் கெட்டிக்காரன். மண்டபத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் பார்க்கிறவர்களுக்கு மனசு நிறையும், அதுதான் அங்கே வேலை. குடோனைப் பார்க்கிறவனுக்கு மனசு நிறைய வேண்டியதில்லை, அவனுக்கு லாரி திரும்ப வேண்டும். இது வேறு தொழில் என்று எனக்குத்தான் தெரியவில்லை. கருவி ஒன்றாக இருந்தால் தொழிலும் ஒன்று என்று நினைத்துவிட்டேன். கத்தி வைத்திருக்கிறார் என்பதற்காகக் கசாப்புக் கடைக்காரரிடம் முகச்சவரம் செய்துகொள்ளப் போவதில்லை, ஆனால் ட்ரோன் விஷயத்தில் கிட்டத்தட்ட அதைத்தான் எல்லோரும் செய்கிறோம்.

அப்புறம் மூன்று பேரிடம் போனில் பேசினேன். முதல் ஆள் எத்தனை மணி நேரம் என்று கேட்டார். இரண்டாவது ஆள் தன்னிடம் இருக்கிற கேமராவின் பெருமையைப் பத்து நிமிடம் பேசினார். மூன்றாவது ஒரு தம்பி, முப்பது வயதுக்குள்தான் இருக்கும், முதல் கேள்வியே "படம் யாருக்குங்ண்ணா? பார்க்கறவங்க அதை வச்சு என்ன முடிவு பண்ணப் போறாங்க?" என்று கேட்டார். பெங்களூர் கேட்ட நாலு கேள்வியையும் அப்படியே அனுப்பினேன். இடத்தின் லொகேஷனை அனுப்பச் சொன்னார். கேட் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று கேட்டார். கிழக்கு என்றேன். அப்படியானால் காலையில்தான், ஏழு மணிக்குள், முகப்பில் வெளிச்சம் விழும், காற்றும் அப்போதுதான் கொஞ்சம் அடங்கியிருக்கும் என்றார். விலையைப் பற்றி இன்னும் பேச்சே எடுக்கவில்லை. நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

இந்தத் தம்பிக்குச் சாப்பாடு போடுவது கல்யாணம் இல்லை. ரோடு காண்டிராக்டர்களும் கல்குவாரிக்காரர்களும்தான். தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2021-இல் நெடுஞ்சாலை வேலைகளை மாதம் ஒருமுறை ட்ரோனில் வீடியோ எடுத்தே ஆகவேண்டும் என்று விதி போட்ட பிறகு இப்படி ஒரு தொழில் வரிசையே உருவாகியிருக்கிறது. குவாரியில் எத்தனை கன மீட்டர் கல் எடுத்தார்கள், ஜல்லிக் குவியல் எவ்வளவு என்று மேலிருந்து படம் எடுத்தே கணக்குப் போடுகிறார்கள். நமக்குத் தெரியாமல் நம் தலைக்கு மேல் இவ்வளவு நடக்கிறது.

இரண்டாம் நாள் அவர் செய்த வேலை எனக்குப் புதிது. டிஜிட்டல் ஸ்கை என்கிற மத்திய அரசின் வான்வெளி வரைபடத்தில் எங்கள் இடத்தைப் பார்த்துவிட்டு, பச்சை என்று எழுதி அந்தப் படத்தையும் எனக்கு அனுப்பினார். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி நாட்டின் வானம் மூன்று நிறமாகப் பிரிந்திருக்கிறது. பச்சையில் 400 அடி வரை, அதாவது 120 மீட்டர் வரை, பறக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சிவப்பு என்றால் மத்திய அரசே அனுமதித்தால்தான் உண்டு. விமான நிலையச் சுற்றுவேலியிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் இருந்தால் பச்சையிலும் 200 அடிதான். இதை யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். நான் இரண்டு மாதம் முன்னால் பார்த்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும்.

ட்ரோன்களை எடையை வைத்து வகை பிரிக்கிறார்கள். 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவை ஓட்டச் சான்றிதழ் வேண்டாம். மைக்ரோவைப் பொழுதுபோக்குக்கு ஓட்டினால் வேண்டாம், காசு வாங்கிக்கொண்டு ஓட்டினால் வேண்டும். அதனால்தான் சந்தையில் 249 கிராம் ட்ரோன் இத்தனை ஓடுகிறது. நம் ஹெலிகேம் பையனும் "இதுக்கு லைசென்ஸே வேண்டாம்ணா" என்று பெருமையாகத்தான் சொன்னான். அதே ட்ரோனில் அதிக நேரம் பறக்கிற பெரிய பேட்டரியைப் போட்டால் எடை 250-ஐத் தாண்டி மைக்ரோவுக்குள் போய்விடும், அதை அவனும் சொல்லவில்லை, அவனுக்குத் தெரியுமா என்பதும் சந்தேகம். புதுத் தம்பியிடம் இருந்தது தொள்ளாயிரம் கிராம் அளவுள்ளது. அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் வாங்கிய ஓட்டுநர் சான்றிதழ், அது பத்து வருஷம் செல்லும், அதன் நகல், ட்ரோனின் பதிவு எண், மூன்றாம் நபர் காப்பீட்டுத் தாள், எல்லாம் ஒரே பிடிஎஃப்பாக வந்தது. நானோவைத் தவிர மற்ற ட்ரோன்களுக்குக் கார், பைக்குக்கு எடுப்பதுபோலவே இந்தக் காப்பீடு கட்டாயம். விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இந்தத் தாள்களை நான் கேட்கவில்லை, அவராக அனுப்பினார். நீங்கள் யாரையாவது கூப்பிடுவதாக இருந்தால் கேளுங்கள். கேட்டவுடன் "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சனை வராதுங்க" என்று பதில் வந்தால் அடுத்த நம்பருக்குப் போய்விடலாம். பதிவு எண்ணைக் குறிப்பாகக் கேளுங்கள், ஏனென்றால் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியை 2022 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள், பாதுகாப்பு, ஆராய்ச்சி மாதிரிச் சில தேவைகளுக்கு மட்டும் விலக்கு. அதற்குப் பிறகும் புதுப்புது மாடல் கல்யாணத்தில் பறக்கிறது என்றால் எந்த வழியாக வந்தது என்று நானும் நீங்களும் ஊகித்துக்கொள்ளலாம்.

பிறகு புலப்படம் கேட்டார். எஃப்.எம்.பி. என்று சர்வே ஆபீஸில் சொல்வார்களே, நிலத்தின் எல்லையும் அளவும் வரைந்திருக்கும், அது. ஆன்லைனில் எடுத்து அனுப்பினேன். அதைப் பார்த்துவிட்டு, நாலு மூலைக் கல்லையும் கண்டுபிடித்து, ஒவ்வொரு கல்லின் மேலும் சுண்ணாம்புத் தூளில் இரண்டடிக்குப் பெருக்கல் குறி போட்டு வையுங்கள், மேலிருந்து பார்த்தால் வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்றார். மூன்று கல் கிடைத்தது. நாலாவது, தென்மேற்கு மூலைக் கல், கிளுவை வேலிக்குள் மண் மூடிக் கிடந்தது. வாட்ச்மேனும் நானும் அரைநாள் கடப்பாரை போட்டோம். அப்பா இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நடந்துபோய்க் காலால் தட்டிக் காட்டியிருப்பார்.

இன்னொன்றும் கேட்டார். "அன்னிக்குக் காலையில ஒரு லாரி கிடைக்குங்களா? பெரிசா, டாரஸ் மாதிரி. கேட்டுக்கிட்ட நிறுத்தினா அளவு தெரியும்." யோசித்துப் பார்த்தால் எவ்வளவு எளிய விஷயம். மேலிருந்து பார்க்கும்போது இருபதடிப் பாதையும் முப்பதடிப் பாதையும் கண்ணுக்கு ஒன்றுதான். பக்கத்தில் லாரி நின்றால், லாரிக்காரனுக்கு அடுத்த விநாடியே தெரிந்துவிடும். கோழித் தீவனம் ஏற்றுகிற நண்பன் ஒருவன் வண்டியை அனுப்பிவைத்தான்.

பெரியப்பாவிடம் முதல் நாளே போய்ச் சொல்லிவிட்டேன். இந்த இந்த நேரம், உங்கள் வீட்டுக்கு மேல் வராது, வேண்டுமானால் வந்து பக்கத்தில் நின்று பாருங்கள் என்றேன். வந்தார். நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு முழுவதும் பார்த்தார்.

காலை ஆறரைக்குத் தம்பியும் கூட ஒரு பையனும் வந்தார்கள். கூட வந்தவனுக்கு வேலையே வானத்தைப் பார்ப்பதுதான். ஓட்டுகிறவர் திரையைப் பார்ப்பார், இவன் ட்ரோனையும் பறவையையும் கம்பியையும் பார்ப்பான். சிமெண்ட் தளத்தில் வைத்து ஏற்றலாமே என்றேன். அடியில் கம்பி இருக்கும், பக்கத்தில் லாரியும் நிற்கிறது, திசைகாட்டி குழம்பும் என்று சொல்லி, தள்ளி மண்தரையில் ஒரு மஞ்சள் விரிப்பை விரித்தார். ஆபத்து வந்தால் தானாகத் திரும்பி வருகிற உயரத்தை, சுற்றியிருக்கிற தென்னையையும் மின்கம்பத்தையும் பார்த்து அதற்கு மேலே வைத்தார். பிறகு கையை உயர்த்திக் காற்றைப் பார்த்துவிட்டு முதலில் மேற்கே ஏவினார். "போகும்போது எதிர்க்காத்து, வரும்போது பின்காத்துங்க. பேட்டரி குறையறப்போ காத்து நம்மளை வூட்டுக்குக் கொண்டுவந்து விடோணும்." ஹெலிகேம் பையன் செய்தது நேர்மாறு. மக்காச்சோளம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஐந்து பேட்டரி கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே இறக்கிவிட்டார். டப்பாவில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கு காற்றில்லாத ஊருக்கு என்று சிரித்தார்.

நான் எதிர்பார்த்த அளவுக்கு அவர் உயரப் போகவே இல்லை. 120 மீட்டர் வரை போகலாமே என்று கேட்டேன், காசு கொடுப்பவனுக்கு உயரமாகப் போனால்தான் மனசு ஆறும். ஒருமுறை ஏற்றிக் காட்டினார். திரையில் எங்கள் குடோன் இரண்டு தீப்பெட்டி மாதிரி கிடந்தது, சுற்றிலும் செம்மண்ணும் காடும், எது யார் இடம் என்றே தெரியவில்லை. கட்டிடத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ எடுக்கிற நல்ல படம் பெரும்பாலும் முப்பதிலிருந்து அறுபது மீட்டருக்குள்தான் இருக்கிறது, சில படம் பத்து மீட்டரில், மாடிக்குச் சற்று மேலே இருந்து பார்ப்பதுபோல. அந்தப் பத்து மீட்டர் படம்தான் கேட்டையும் லாரியையும் பாதையையும் ஒரே பார்வையில் காட்டியது.

மூன்று விதமாக எடுத்தார். சாய்வான கோணத்தில் நிழற்படங்கள், எட்டுத் திசையிலிருந்தும். மெயின் ரோட்டிலிருந்து புறப்பட்டு லாரி வருகிற அதே வழியில் கேட் வரை வருகிற ஒரே வெட்டில்லாத வீடியோ. இந்த இரண்டும் காலையிலேயே முடிந்தது. மூன்றாவது பதினொன்றரைக்கு மேல்தான் என்றார், நேர் கீழே பார்த்து வரிசை வரிசையாக எடுக்கிற படங்கள், அதற்கு நிழல் குட்டையாக இருக்க வேண்டுமாம். காற்று அதற்குள் கொஞ்சம் ஏறியிருந்தது, அவருடைய ட்ரோன் தாங்கியது, ஆனால் அளவு பார்த்துவிட்டுத்தான் ஏற்றினார். ஒரு படத்தில் இருப்பதில் முக்கால் பங்கு அடுத்த படத்திலும் இருக்கிற மாதிரி நூற்றுக்கணக்கில் எடுத்து, கணினியில் தைத்து ஒரே பெரிய படமாக ஆக்குகிறார்கள். அதில் எந்த இடத்திலும் ஸ்கேல் வைத்து அளக்கலாம். கேட்டுக்கு உள்ளே லாரி திரும்புகிற இடம், ஷெட் வாசலில் இருந்து மதில் வரை எவ்வளவு, எல்லாம் அதில் மீட்டர் கணக்கில் எழுதிக் கொடுத்தார்.

அந்தப் பெரிய படம் வந்தபோது எனக்குள் ஒரு கெட்ட புத்தி எட்டிப் பார்த்தது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்புக் குறி நாலையும் கோடு போட்டு இணைத்தால், வடக்குப் பக்க வேலி எங்கள் இடத்துக்குள் நாலடி வந்திருப்பது மாதிரித் தெரிந்தது. உடனே, "தம்பி, இதுல சிவப்புல ஒரு கோடு போட்டு அளவு எழுதிக் கொடுங்க, வக்கீல்கிட்டக் காட்டறேன்" என்றேன். மறுத்துவிட்டார். சாதாரண ட்ரோனில் உள்ள ஜி.பி.எஸ். சில மீட்டர் கூடக் குறையக் காட்டும், சென்டிமீட்டர் சுத்தமாக வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கருவி வேண்டும், அப்படி எடுத்தாலும் எல்லை சொல்வது தன் வேலை இல்லை, அரசு சர்வேயர் வந்து புலப்படத்தோடு அளந்து சொல்ல வேண்டிய விஷயம் என்றார். கோட்டைப் போட்டுக் கொடுத்திருந்தால் எனக்கு அன்று சந்தோஷமாக இருந்திருக்கும், அவருக்கும் கூடுதலாக ஆயிரம் கிடைத்திருக்கும். வடக்குப் பக்கத்துக்காரரோடு எனக்கு ஆயுசுக்கும் பேச்சு நின்றிருக்கும். பிறகு பணம் கட்டி சர்வேயரைக் கூட்டிவந்து அளந்தோம். ஒன்றரை அடி. அதுவும் அப்பாவும் அவரும் பேசி விட்ட பாதையாம், அம்மா சொன்னாள். விட்டுவிட்டேன்.

கேட்காமலே வந்த லாபம் ஒன்று உண்டு. சிமெண்ட் சீட் கூரையைக் கிட்டப் போய் எடுத்த படங்களில் பதினோரு சீட் விரிசல் விட்டிருந்தது. தகரக் கூரையின் தண்ணீர்க் கால்வாயில் அரச மரக் கன்று ஒன்று இடுப்பளவு வளர்ந்து நின்றது. கீழிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஆளை ஏற்றினால் சிமெண்ட் சீட் உடைந்து உயிருக்கே ஆபத்து, இந்தப் பக்கம் அப்படி விழுந்தவர்கள் கதை ஊருக்கு ஒன்று இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் வந்து கண்டுபிடித்து வாடகையைக் குறைப்பதற்கு முன்னால் மாற்றிவிட்டோம். ட்ரோனுக்குக் கொடுத்த காசு எனக்கு அங்கேயே திரும்பிவிட்டது.

அம்மா இந்தப் படங்களில் பார்த்தது வேறு. பெரிய படத்தை டிவியில் போட்டுக் காட்டினேன். ஷெட்டை அவள் பார்க்கவே இல்லை. தென்மேற்கே விரலை வைத்து, "இது நம்ம இட்டேரிதான?" என்றாள். இட்டேரி என்றால் இரண்டு பக்கமும் வேலி ஓடுகிற பழைய பாதை. படத்தில் அது வாய்க்காலை நோக்கிக் காட்டுக்குள் வளைந்து போகிற ஒரு கரும்பச்சைக் கோடு. தரையில் நின்றால் அங்கே வெறும் முள்ளும் புதரும்தான், பாதை இருந்ததாகச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மேலிருந்து பார்த்தால் இரண்டு பக்க வேலியும் இன்னும் இணையாக ஓடுகிறது. பி.ஏ.பி. வாய்க்காலில், அதாவது பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன வாய்க்காலில், துணி துவைத்துவிட்டு அந்த வழியாகத்தான் வருவோம் என்றாள். அந்தப் படத்தை மட்டும் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன், சாமி அறைக்கு வெளியே மாட்டியிருக்கிறாள்.

சரி, காசு. மொத்தம் 22,000, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து 25,960. ஹெலிகேம் பையனுக்கு 3,500, கூடவே அந்த இறக்கைக்கு மனசு கேட்காமல் நான் கொடுத்த ஆயிரம். கணக்கைப் பார்த்து மாப்பிள்ளை ஒரு வாரம் பேசினார். பறந்த நேரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்துக்கு இவ்வளவா என்றுதான் தோன்றும். பறந்தது மொத்தமே ஒன்றரை மணி நேரம் இருக்கும். அதற்கு முன்னால் இரண்டு நாளும் பின்னால் மூன்று நாளும் அவர் வேலை பார்த்திருந்தார், அது நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

பேசும்போதே தெளிவாக்கிக்கொண்ட சில விஷயங்கள் எனக்கு உதவின. காற்றோ மழையோ வந்து வேலை நின்றால் மறுநாள் வருவதற்குத் தனிக் காசு உண்டா என்று கேட்டேன், பாதி என்றார், எழுதி வாங்கிக்கொண்டேன். வீடியோவில் பாட்டு வேண்டாம் என்றேன், அவரும் போடுவதாக இல்லை. எடிட் செய்யாத மூலக் கோப்புகள் எல்லாம் ஒரு பென்டிரைவில் எனக்கு. படத்தின் உரிமை விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன நிழற்படத்துக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். அந்த "வேறு மாதிரி ஒப்பந்தம்" பல பேருடைய பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், திருப்பிப் பாருங்கள். இந்தத் தம்பி தன் தொழில் பக்கத்தில் இரண்டு படம் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டார். இட்டேரிப் படம் தவிர எது வேண்டுமானாலும் போடுங்கள் என்றேன்.

பெங்களூர்க்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், இப்போது உள்ளே அவர்கள் சரக்கு இருக்கிறது. படத்தால்தான் வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன், வாடகை குறைவு என்பதும் காரணம். ஆனால் வந்த ஆள் காரை விட்டு இறங்கியதும் நேராக லாரி திரும்புகிற மூலைக்குத்தான் நடந்தார், வழி கேட்கவே இல்லை.

இதையெல்லாம் பார்த்த மாப்பிள்ளைக்கு ஆசை வந்துவிட்டது. சூலூர் பக்கம் அவருக்கு முப்பது சென்டில் ஒரு வீட்டோடு சேர்ந்த இடம் இருக்கிறது, விற்க வேண்டும். தம்பியை நானே கூப்பிட்டுக் கொடுத்தேன். லொகேஷன் அனுப்பிய ஐந்தாவது நிமிடம் போன் வந்தது. அங்கே விமானப்படைத் தளம் இருக்கிறது, வரைபடத்தில் சிவப்பு, முடியாது என்றார்.

"அஞ்சு நிமிஷம்தானுங்க தம்பி, காலையில வெள்ளனே, யாரு பாக்கப் போறாங்க?"

"இல்லீங்க."

"அந்தச் சின்னது இருக்குதுல்ல, 249 கிராம்? அதுக்குத்தான் லைசென்ஸ் வேண்டாமே."

"சிவப்புக்குக் கிராம் கணக்கெல்லாம் இல்லைங்க."

மாப்பிள்ளை விடவில்லை, ஹெலிகேம் பையனைக் கூப்பிடட்டுமா என்று என்னைப் பார்த்தார், நான் வேறு பக்கம் பார்த்தேன். தம்பிதான் வழி சொன்னார். முப்பது சென்ட்டுக்கு ட்ரோனே வேண்டாம், என்னிடம் நீட்டி மடக்குகிற கம்பு ஒன்று இருக்கிறது, எட்டு மீட்டர் வரும், முனையில் கேமராவை மாட்டி உங்கள் மொட்டைமாடியிலிருந்து தூக்கிப் பிடித்தால் வீடும் இடமும் முழுசாக விழுந்துவிடும், காசும் ஆறாயிரத்துக்குள் முடியும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விட்டு, ஒரு வேலைநாள் காலையில் போனோம். மாப்பிள்ளைக்குக் கம்பைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது, மாங்காய் பறிக்கிற தொரட்டி மாதிரி இருக்கிறதே என்றார். தம்பி போனில் படத்தைப் பார்த்துக்கொண்டே இடம் சொல்ல, கூட வந்த பையனும் மாப்பிள்ளையும் கம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று மாடியே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். தேஜஸ் போர் விமானம் ஒன்று எங்கள் தலைக்கு மேல் ஏறிப் போனது, நாங்கள் அண்ணாந்து பார்ப்பதற்குள் வால் மட்டும்தான் தெரிந்தது. அது போன திசையை மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கம்பின் அடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "தம்பி, இன்னும் கொஞ்சம் கிணத்துப் பக்கம் திருப்பட்டுங்களா?" என்றார்.